கூட்டுக்குள் மணல் வைப்பதற்கு முன்

திருகோணமலையில் கிளி வளர்க்கிற யாரைக் கேட்டாலும் கூட்டுக்குள் ஒரு கிண்ணம் மணல் வைக்கச் சொல்வார்கள். கடைக்காரர் சொல்வார், அடுத்த வீட்டுக்காரர் சொல்வார், புறா வளர்த்துப் பழகிய பெரியவர்கள் அடித்துச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் பல் இல்லாத பறவைக்குக் கல்தான் பல் என்று பதில் வரும். அந்தப் பதில் பாதி சரி. மற்றப் பாதியைத் தெரிந்துகொள்வதற்குள் என் கையிலிருந்து 40,000 ரூபாய்க்கு மேல் கரைந்துவிட்டது, ஒரு மாரிகாலத்துத் தூக்கமும் போய்விட்டது. இதைத் தமிழில் யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அந்த நாட்களில் பலமுறை நினைத்தேன். அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். உப்புவெளியில் நானும் மகனும்தான். மகனின் நச்சரிப்புத் தாங்காமல் கொக்கடீல் என்ற சிறு கிளியில் ஒரு சோடி வாங்கினேன். சாம்பல் நிற உடம்பு, தலையில் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு; பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும். பெண் பறவைக்கு மகன் சாம்பி என்று பெயர் வைத்தான். பறவை விற்றவர் கூடும் தினையும் சூரியகாந்தி விதையும் தந்துவிட்டு, சிவப்பு நிறத்தில் ஒரு பொதியையும் மேலே வைத்தார். உள்ளே பொடிக் கற்களும் சிப்பித் துண்டுகளும் செங்கல் தூள் போன்ற ஒன்றும் கலந்திருந்தன. இது இல்லாவிட்டால் பறவை இரண்டு மாதம் தாங்காது என்றார். விலை வெறும் 350 ரூபாய். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

நிலாவெளியில் இருக்கும் மாமாவும் (கணவரின் அப்பா) அதையே சொன்னார். அவர் சிறு வயதிலிருந்து புறா வளர்ப்பவர். "கல் தின்னாத பறவைக்குத் தீனி செமிக்காது, பிள்ளை. கிண்ணம் காலியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஊர்க்கோழி உரித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்: கோழியின் அந்தக் கெட்டியான சதை உருண்டையை இரண்டாகப் பிளந்தால் உள்ளே அரைகுறையாக அரைபட்ட தவிடும் நெல்லும், அவற்றோடு வழவழவென்று தேய்ந்த சிறு கற்களும் இருக்கும். உட்புறத்து மஞ்சள் தோலை நகத்தால் கிளப்பினால் ஒரே இழுப்பில் கழன்று வரும். அதுதான் அரைவைப்பை. பறவை விழுங்கும் தீனி முதலில் கழுத்தடியில் இருக்கும் பையில் தங்கி ஊறும். பிறகு அமிலம் சுரக்கும் வயிற்றுக்குப் போகும். அதற்குப் பிறகுதான் அரைவைப்பை. அதன் தடித்த தசைகள் இறுகித் தளர்ந்து, உள்ளே இருக்கும் கற்களோடு சேர்த்துத் தீனியை நெரிக்கும். கற்கள் தேயத் தேயக் கழிவோடு வெளியேறும். பறவை புதிய கல்லைத் தேடும். கடையில் வாங்கும் இறைச்சிக் கோழியில் இந்தக் கற்களைக் காண்பது அரிது, ஏனென்றால் அது அரைத்த தீவனத்தையே தின்று வளர்கிறது. இந்த விடயம் அப்போதே என் மண்டையில் உறைத்திருக்கலாம். தீனி எப்படி உள்ளே போகிறது என்பதைப் பொறுத்துத்தான் கல் தேவைப்படுகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஐப்பசியில் மழை பிடித்ததும் விறாந்தையில் தொங்கிய கூட்டை உள்ளே கொண்டுவந்து கண்ணாடி யன்னலோரம் வைத்தோம். அதன் பிறகுதான் சாம்பி மணல் கிண்ணத்தை விட்டு நகராமல் நின்றாள். முன்பெல்லாம் எப்போதாவது ஒன்றிரண்டு பொறுக்குவாள். இப்போது தலையைக் கிண்ணத்துக்குள் விட்டு, நாக்கால் துழாவித் துழாவித் தின்றாள். ஆண் பறவை எட்டிப் பார்க்கவும் இல்லை. பசி நன்றாக எடுக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கிண்ணம் காலியானதும் மகன் நிரப்பினான்.

முதலில் மாறியது எச்சம். அளவு குறைந்தது, சில நாட்களில் அதற்குள் முழுத் தினை அப்படியே கிடந்தது, கூடவே இரண்டொரு மணல். பிறகு இறகைச் சிலிர்த்துக்கொண்டு பந்து போல உட்காரத் தொடங்கினாள். ஒரு காலையில் கழுத்தை நீட்டித் தலையை உதறி, தின்றதை வெளியே எறிந்தாள். பார்க்கும்போது சாப்பிடுவது போலத்தான் இருந்தது, ஆனால் கையில் எடுத்தால் எடையே இல்லை. நெஞ்செலும்பு கத்தி விளிம்பு போல விரலில் பட்டது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பறவை நோயை மறைக்கும். இறகு எல்லாவற்றையும் மூடிவிடும். கண்ணை நம்பாமல் விரலை நம்புங்கள். நெஞ்சின் நடுவே ஓடும் எலும்பின் இரு பக்கமும் சதை நிரம்பி இருக்க வேண்டும். அதைவிட நல்லது, கேக் செய்பவர்கள் வைத்திருக்கும் சிறிய மின் தராசு. கொக்கடீல் ஒன்று பெரும்பாலும் 80 முதல் 110 கிராம் வரை இருக்கும். காலையில் தீனிக்கு முன் நிறுத்து ஒரு கொப்பியில் எழுதி வந்தால், பத்தில் ஒரு பங்கு குறையும்போதே விழித்துக்கொள்ளலாம். நான் தராசு வாங்கியபோது சாம்பி 71 கிராம்.

ஊரில் யாரிடம் போவது? மாடு, ஆடு, கோழி பார்க்கும் மிருக வைத்தியர் ஒருவர் மிகவும் நேர்மையாகப் பேசினார். "இவ்வளவு சிறிய பறவைக்கு ஊகத்தில் மருந்து கொடுக்க நான் விரும்பவில்லை, தங்கச்சி. எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பேராதனைக்குக் கொண்டு போங்கள்" என்றார். அதைக் கேட்டபோது கைவிட்டுவிட்டாரே என்று எரிச்சல் வந்தது. பிறகு யோசித்தால், எல்லோரையும் விடப் பெரிய உதவி செய்தவர் அவர்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஓமத் தண்ணீர், மஞ்சள், விளக்கெண்ணெய். ஒருவர் இன்னும் கொஞ்சம் மணல் போடுங்கள், செமிக்கும் என்றார். எண்ணெயை நீங்களாக வாயில் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுக்குழாய் வாசல் நாக்கு தொடங்கும் இடத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது, தவறினால் நுரையீரலுக்குப் போய்விடும். அன்றிரவு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் மணல் கிண்ணத்தை வெளியே எடுத்ததும் சூடு கொடுத்ததும்தான். நோயான பறவைக்கு 30 பாகை அளவில் சூடு தேவை. உடம்பைச் சூடாக வைக்கச் செலவாகும் சக்தி மிச்சமாகும். பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் மின்குமிழ் இருக்க வேண்டும், சூடு கூடினால் மறுபக்கம் ஒதுங்க இடம் வேண்டும். எனக்கு வாய்த்த இரவில் மின்சாரம் போய்விட்டது. வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்து, ஆற ஆற மாற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பேச ஒரு ஆள் இல்லை. கட்டாருக்கு அழைத்துச் சொன்னால் அவரால் என்ன செய்ய முடியும்?

காலையில் வாடகைக் கார் பிடித்தேன். போகவும் வரவும் 25,000 ரூபாய். பஸ்ஸில் போயிருந்தால் இதில் சிறு பங்குதான், ஆனால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று கண்டிவரை நெரிசலில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகத் துணிவு வரவில்லை. நீங்கள் போவதானால் கூட்டோடு போகாதீர்கள். காற்றுத் துளையிட்ட கடதாசிப் பெட்டி, அடியில் பழைய துணி, ஓரத்தில் வெந்நீர்ப் போத்தல். இருட்டாக இருந்தால் பறவை அமைதியாக இருக்கும். காரில் குளிரூட்டியை நிறுத்தச் சொல்லுங்கள். மலைநாட்டில் ஏறும்போது வெளியே குளிரும் சேர்ந்துகொள்ளும். கடைசி நாளில் விழுந்த எச்சத்தைத் தாளோடு மடித்து எடுத்துப் போங்கள், தின்ற தீனியிலும் மணலிலும் ஒரு பிடி எடுத்துப் போங்கள். நான் மணல் பொதியைக் கொண்டு போனது தற்செயல்தான், ஆனால் அங்கே முதலில் கையில் வாங்கிப் பார்த்தது அதைத்தான்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா மருத்துவமனையில் எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம், தமிழ் பேசும் ஒரு மாணவி. என் சிங்களம் சந்தையில் மீன் வாங்கப் போதும், பறவையின் குடலைப் பற்றிப் பேசப் போதாது. வைத்தியர் கேட்டதை அவள் மொழிபெயர்த்தாள்: "அக்கா, இந்தப் பறவை தினையை உமியோடு விழுங்குமா, உமித்துவிட்டுத் தின்னுமா?"

நான் வாயடைத்துப் போனேன். தினமும் காலையில் தீனிக் கிண்ணத்தின் மேல் கிடக்கும் உமியை ஊதித் தள்ளுவது நான்தான். சாம்பி தினையை எப்படித் தின்பாள் என்பதும் கண் முன்னே வந்தது: மேலலகின் உட்புறத்து வரிகளில் தினையை நிறுத்தி, நாக்கால் ஒரு சுற்றுச் சுற்றி, கீழலகால் ஒரு நெரி. கோது இரண்டாகப் பிளந்து கீழே விழும், பருப்பு மட்டும் உள்ளே போகும். சூரியகாந்தி விதையையும் அப்படித்தான். மாமாவின் புறாக்களோ நெல்லையும் சோளத்தையும் பயறையும் முழுசாக விழுங்குகின்றன. அந்த உமியையும் கெட்டித் தோலையும் உடைக்க அரைவைப்பைக்குள் கல் தேவை. புறா, கோழி, காடை, கௌதாரி எல்லாம் அந்த வகை. தோலுரித்த மென்மையான பருப்பை அரைக்கக் கிளியின் அரைவைப்பைத் தசையே போதும். கொக்கடீல், லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் சிறு கிளிகள், பெரிய கிளிகள் எதுவும் வீட்டில் கல் இல்லாமல் நன்றாகவே வாழும். தினைக்குருவிகளும் கனேரிகளும் கூட உமித்தே தின்கின்றன. காட்டில் அவை மணல் பொறுக்குவது உண்டு, ஆனால் கூட்டுக்குள் அது இல்லாமலே சமாளிக்கும்.

எக்ஸ்ரேயில் வயிற்றின் இடத்தில் ஒரு வெள்ளைக் குவியல். எலும்பை விடப் பளிச்சென்று, ஒவ்வொரு மணியையும் தனித்தனியாக எண்ணலாம் போல. உலோகத் துண்டும் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கத்தான் முக்கியமாக எக்ஸ்ரே எடுத்தோம் என்றார்கள். புதிய கூட்டின் துத்தநாகப் பூச்சு, ஈயப் பற்றாசு போன்றவற்றைக் கொத்தித் தின்றால் விஷமாகிவிடும், அறிகுறிகளும் ஏறக்குறைய இதே மாதிரி. உலோகம் இல்லை. கல் மட்டும், அளவுக்கு மிஞ்சிய கல். இவ்வளவு சிறிய உடம்பில் அறுவை செய்து எடுப்பது ஆபத்து என்பதால் தோலுக்கடியில் நீரேற்றம், குழாய் வழியாக நீர்த்த உணவு, கற்கள் வழுக்கி இறங்க ஒரு மருந்து, சூடு, காத்திருப்பு.

அப்படியானால் தேவையே இல்லாத கல்லை அவள் ஏன் வாரித் தின்றாள்? ஆண் ஏன் தொடவில்லை? எனக்கு அங்கே கிடைத்த விளக்கம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. சாம்பி முட்டையிட ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். முட்டைக் கோது செய்யச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். தினையிலும் சூரியகாந்தியிலும் அது மிகக் குறைவு, பொஸ்பரஸ் மட்டும் மிகுதி. தின்ற சுண்ணாம்புச்சத்து உடம்பில் சேர விற்றமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். மாரியில் வெயிலும் இல்லை, இருந்த கொஞ்சத்தையும் யன்னல் கண்ணாடி தடுத்துவிட்டது. வெளிச்சம் வரும், விற்றமின் உண்டாக்கும் கதிர் வராது. அந்தச் சிவப்புப் பொதியில் சிப்பித் துண்டும் இருந்ததல்லவா, அவள் தேடியது அதை. கூடவே வந்த படிகக் கல்லையும் சேர்த்து விழுங்கிக்கொண்டே இருந்தாள். சிப்பி வயிற்று அமிலத்தில் கரைந்து போகும். படிகக் கல் கரையாது. அங்கேயே தங்கும், மாதக்கணக்கில்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த பொதியில் ஒரு தேக்கரண்டி எடுத்துச் சோதித்தேன். வெள்ளைத் தட்டில் பரப்பி மேலே வினாகிரி விட்டால் போதும். சிப்பித் துண்டுகளில் மட்டும் நுரை கிளம்பியது, மற்றவை குளத்துக் கற்கள் மாதிரிச் சும்மா கிடந்தன. நுரைத்தவை தட்டில் காற்பங்கு கூட இல்லை. நீங்களும் இதைச் செய்து பாருங்கள். பொதியின் மேல் என்ன எழுதியிருந்தாலும், எது கரையும் எது கரையாது என்பதை ஒரு நிமிடத்தில் வினாகிரி சொல்லிவிடும்.

இதற்கிடையில் என் கணவர் கட்டாரிலிருந்து ஒரு காணொளி அனுப்பினார். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், தம்போபாத்தா ஆற்றங்கரைச் செம்மண் மேட்டில் நூற்றுக்கணக்கான பெருங்கிளிகள் தொங்கிக்கொண்டு மண்ணைத் தின்கின்றன. "பார், கிளிகள் மண் தின்கின்றனவே" என்று ஒரு குறிப்பு வேறு. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஆலோசனை சொல்வது சுலபம். அது நுண்ணிய களிமண். அதை வைத்து எதையும் அரைக்க முடியாது. கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள அந்தக் காட்டில் உப்புச்சத்துக் கிடைப்பது அரிது, அதற்காகவே அவை மண்ணைத் தேடுகின்றன என்பதுதான் ஆய்வாளர்கள் வலுவாகச் சொல்லும் காரணம். காய்களில் உள்ள நச்சை அந்தக் களி பிடித்துக்கொள்கிறது என்ற கருத்தும் உண்டு. எப்படியோ, நம் வீட்டுக் கூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சாம்பி பிழைத்தாள். ஆனால் அந்த ஈட்டில் முட்டை எதுவும் கிடைக்கவில்லை, பழைய எடைக்கு வர தை பிறந்து வெகுநாள் ஆயிற்று. காருக்கும் எக்ஸ்ரேக்கும் மருந்துக்கும் ஊதியமில்லா விடுப்புக்கும் எல்லாமாகச் சேர்த்துத்தான் முதலில் சொன்ன தொகை. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அந்தக் காசுக்கு இன்னும் மூன்று சோடி வாங்கலாமே என்று ஒரு மாமி என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உறவு முறிந்திருக்கும்.

இப்போது எங்கள் கூட்டில் மணல் இல்லை. அடித்தட்டில் விற்கும் மணல் ஒட்டிய தாளும் இல்லை, அதிலிருந்தும் சுரண்டித் தின்னும்; பழைய பத்திரிகைத் தாள்தான் விரிக்கிறேன், எச்சமும் தெளிவாகத் தெரிகிறது. சுண்ணாம்புச்சத்துக்குக் கணவாய் ஓடு. கடைகளில் இதற்கும் விலை வைத்து விற்கிறார்கள், கடற்கரையில் வாழும் நமக்கு அது தேவையா? ஓட்டுக் கணவாய் வாங்கித் துப்புரவு செய்யும்போது முதுகிலிருந்து வரும் வெள்ளை ஓடுதான் அது; ஊசிக் கணவாயில் கிடைக்கும் கண்ணாடி போன்ற மெல்லிய தண்டு உதவாது. உப்புவெளிக் கரையில் காலாற நடந்தாலும் ஒன்றிரண்டு அகப்படும். எண்ணெய் பட்டதையும் தாரின் கறை பிடித்ததையும் விட்டுவிடுங்கள். புறாத் தீவுக்குச் சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் அங்கிருந்து எதையும் பொறுக்கிவர வேண்டாம், அது 2003 முதல் தேசியப் பூங்கா. கொண்டுவந்த ஓட்டைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, நாளுக்கு நாள் தண்ணீர் மாற்றி உப்புப் போக்கி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, மென்மையான பக்கம் பறவையைப் பார்க்கும்படி கம்பியில் கட்டிவிடுங்கள். அது கிடைக்காத நாட்களில் அவித்த கோழி முட்டைக் கோதைக் காயவைத்து நொறுக்கி வைக்கிறேன். கூடவே முருங்கையிலை, பொன்னாங்காணி. மழை விட்ட காலைகளில் கூடு விறாந்தைக்குப் போகிறது, பாதி வெயில் பாதி நிழலாக.

சுண்ணாம்புத் துளிமருந்தைத் தண்ணீரில் கலந்து விடலாமா என்று கேட்பவர்களுக்கு: வைத்தியர் சொன்னால் மட்டும். அதுவும் மிஞ்சினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்கள் பறவை திடீரென்று மணலையோ சுவர்ச் சுண்ணாம்பையோ விடாமல் தின்றால் அன்றே கிண்ணத்தை எடுத்துவிட்டு, ஏன் தின்கிறது என்று விசாரியுங்கள். முட்டைக்காக இருக்கலாம், குடலில் வேறு நோயாகவும் இருக்கலாம்.

மிச்சமிருந்த மணல் பொதியை மாமாவிடம் கொடுத்துவிட்டேன். அவருடைய புறாக்களுக்கு அது நல்ல தீனிதான். அவரோ இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. கிளி என்றாலும் பறவைதானே, பிள்ளை, என்கிறார். உமி ஊதிய தீனிக் கிண்ணத்தை ஒருநாள் அவர் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும்.